மூன்றாம் நாள் குணமாகிறவர்

மருந்து வாங்கிய மூன்றாம் நாளே குணமாகிவிடுகிற ஒரு கூட்டம் ஊருக்கு ஊர் இருக்கிறது; நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நோய் போனதா என்பது வேறு கேள்வி, அதை நோயிடம்தான் கேட்க வேண்டும். இவர்கள் குணமாகிவிடுவார்கள், அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த ஒருவரைப் பார்ப்போம். ஆறு நாற்காலி போட்ட சலூனில் ஜன்னலோர நாற்காலி அவருடையது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் அவர் கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்து வெட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த நாற்காலிதான் ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதை முழுவதும். அப்படிப்பட்டவருக்கு விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஜவ்வரிசி போல நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. அரிப்பென்றால் அப்படியோர் அரிப்பு. பிறகு அவை காய்ந்து, தோல் உரிந்து, வெடித்து, கத்தரிக்கோலைப் பிடித்தாலே கண்ணில் நீர் வந்தது.

தோல் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"இது எக்ஸிமா. யாருக்கும் ஒட்டாது, ஆனா திரும்பத் திரும்ப வரும். கொப்புளத்தைக் கிள்ளாதீங்க. இந்தக் களிம்பை நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் போடணும். கை கழுவினா ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு உடனே இந்த க்ரீம். தலை அலசும்போது உள்ள பருத்திக் கையுறை, மேல ரப்பர் கையுறை. மோதிரத்தைக் கழட்டிடுங்க, அதுக்கடியில சோப்பு தங்கும். கால்ல வேர்வை சேர விடாதீங்க."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் இந்த இனத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் நாள் நீங்கள் அவரைப் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் களிம்பு போட்டு, அதன்மேல் கையுறை மாட்டி, பேப்பரை மனைவியைப் புரட்டச் சொல்லி, குழாயைத் திறக்க மகளைக் கூப்பிட்டு, "டாக்டர் சொல்லியிருக்காங்க" என்று வீட்டையே ஒரு காலில் நிற்க வைத்தார். இரண்டாம் நாள் கையுறையில் ஒன்றைக் காணவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தார்.

"பாத்தியா? ஒண்ணுகூட இல்ல!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "கொப்புளம்தாங்க அமுங்கியிருக்கு. தோலு இன்னும் சிவப்பாத்தானே இருக்கு?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? இந்தா, மிச்சத்தைப் பத்திரமா வை. அடுத்த தடவ வந்தா ஆகும்."

"அடுத்த தடவ வரணும்னே வெக்கிறீங்களா?"

காதில் விழவில்லை. குணமானவர்களுக்கு வீட்டாரின் குரல் கேட்பதில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, களிம்புக்கும் அந்தக் கதிதான்.

பத்தே நாளில் மறுபடி டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தினமும் போட்டீங்களா?"

"விடாம போட்டேன் டாக்டர்."

"டியூப் அப்படியே இருக்கே?"

"சிக்கனமா போட்டேன்."

சலூனுக்கு வருகிறவர்கள் அவர் கையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அவசரம்" என்று அடுத்த நாற்காலிக்கு நழுவினார்கள். ஒட்டாது என்று யார் யாருக்கு விளக்குவது? முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"இங்க பாருப்பா, முழுசா சரியாகுற வரைக்கும் வாசல்ல உக்காந்து டோக்கன் குடு. எத்தன நாள் ஆனாலும் பரவால்ல. ஆனா திரும்பி வந்து மறுபடியும் இதே கதைன்னா, நாற்காலி வேற ஆளுக்குப் போயிடும்."

பயந்துதான் போனார். இந்த முறை ஒன்பது நாள் மருந்து போட்டார். ஒன்பது நாள்! இந்த இனத்தின் வரலாற்றிலேயே இதற்கு முன் நடந்திராத சாதனை. பத்தாம் நாள், "முழுசா சரியாயிடுச்சு அண்ணே" என்று முதலாளியிடம் கையை நீட்டிக் காட்டினார். காலைக் காட்டவில்லை. காலை யார் பார்க்கப் போகிறார்கள்? மோதிரம் விரலுக்கு வந்தது. கையுறை போடவில்லையா என்று கேட்ட பக்கத்து நாற்காலிக்காரனிடம், "கையுறையோட வெட்டுனா முடி எங்கிருக்குன்னே தெரியாதுடா" என்றார். தலை அலசத்தான் கையுறை என்பது அவருக்கும் தெரியும்.

கூட்டம் நிறைந்த ஒரு மாலையில், மூடிய ஷூவுக்குள் வெந்து கிடந்த வலது பாதம் அரிக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்தார். தரையில் தேய்த்தார். அடங்கவில்லை. கடைசியில் மூலைக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, ஷூவைக் கழற்றி, கையிலிருந்த சீப்பை உள்ளங்காலில் வைத்து ஓர் இழு இழுத்தார். ஆகா! அந்த நிமிடம் அவர் முகத்தில் இருந்த சுகத்தை என்னவென்று சொல்வது?

சொல்லவே தேவையில்லை. கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சலூனில் நாலு சுவரிலும் கண்ணாடி. வலது பக்கம் ஒரு பாதம், இடது பக்கம் ஒரு பாதம், எதிரே மூன்று பாதம், எல்லாவற்றிலும் கடைச் சீப்பு. பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து துண்டை உதறினார். முதலாளி எழுந்து வந்தார். குனிந்து சீப்பை வாங்கிக் குப்பையில் போட்டார். மறுநாள் காலை அந்த நாற்காலிக்குப் பின்னால் வேறொருவர் நின்றார்.

இப்போது நம்மவர் வாசலில் டோக்கன் கொடுக்கிறார். மருந்தை நேரம் தவறாமல் போடுகிறார், டாக்டரம்மாவே மெச்சுகிறார். கை பளிங்காகிவிட்டது. அந்தக் கைக்குத்தான் வேலை இல்லை. அதை நினைத்தால் எனக்கே மனசு கனக்கிறது.

நீங்களும் உச்சுக்கொட்டுகிறீர்கள், நல்லது. கொட்டி முடித்ததும் ஒன்று கேட்கலாமா? போன தடவை டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது எத்தனை நாளைக்கு? நீங்கள் சாப்பிட்டது எத்தனை நாள்? என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு அது துல்லியமாகத் தெரியும். தைரியம் இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.