கார்டு ஆர்தரும் மூன்று பாட்டில்களும்

மூன்றாவது பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை நக்கிப் பார்த்த ஆர்தர் முகத்தைச் சுளித்தார்.

"இதுவும் உப்புக் கரிக்குது."

பாகாலா ஜங்ஷனில் அவர் ரயில்வே கார்டு. வரும் திங்கட்கிழமை பரிசோதனையில் ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்காவிட்டால், அவரை வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ஊறுகாய் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, மனைவி கிருபாபாய் வீட்டு ஜாடிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

"டாக்டர் ஊறுகாய்னுதானே சொன்னாரு? சாஸுன்னாரா?" என்று ஆர்தர் மல்லுக்கு நின்றார். "ரயிலையே கொடி காட்டி நிறுத்தறவன் நானு. என் தட்டுல இன்னா இருக்கணும்னு எனுக்குத் தெரியும்."

"உப்பு கம்மியா பாத்து வாங்கிக்கினு வாங்க," என்றாள் அவள் அமைதியாக.

திருப்பதிக் கடையில் சாஸ் பாட்டில் லேபிளை மூக்கோடு ஒட்டிப் படித்தார்.

"உப்புன்னு எங்கியுமே போடலியே?"

"போடலன்னா இல்லன்னு அர்த்தம் சார்," என்றார் கடைக்காரர் கோவர்த்தனன்.

தக்காளி சாஸ் கரித்தது. தண்ணீர் கலந்தார், ரசமாயிற்று. சர்க்கரை போட்டார், எறும்பு மொய்த்தது. மிளகாய் சாஸ் அதைவிட மோசம். "வெள்ளைக்காரங்க பச்சைக் காய்கறிமேல ஊத்திக்கறது சார்," என்று கோவர்த்தனன் தலையில் கட்டியதுதான் இந்த மூன்றாவது.

நல்லவேளை, பரண்மேல் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தக்காளித் தொக்கு ஜாடி கிருபாபாய் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. தினமும் அவள் குளிக்கப் போனதும் ஆர்தர் ஸ்டூல்மேல் ஏறி இரண்டு கரண்டி தின்பார். அதுவல்லவா ருசி! எவ்வளவு தின்றும் ஜாடி குறையவில்லை. கர்த்தரும் தன் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கொதிப்பு இறங்கியிருந்தது. வண்டியில் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது கிருபாபாய் சர்ச்சுக்குப் போயிருந்தாள். பாத்திரம் தேய்க்கும் செங்கம்மாதான் இருந்தாள். ஆர்தரால் அடக்க முடியவில்லை.

"செங்கம்மா, அம்மாகிட்ட சொல்லிடாத. பத்தியமாவது ஒண்ணாவது. பரண்மேல இருக்கற தொக்கைத் தினம் திருடித் துன்னுக்கினுதான் நான் ஜெயிச்சேன்."

செங்கம்மா தேய்த்த ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியும்யா. நீங்க திருடறதுக்குன்னே அம்மா உப்பில்லாம செய்யுது. ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி பரண்ல ஏத்தி வெக்கறது நான்தான்."