காணாமல் போன படங்களும் நகம் வெட்ட வந்த பூனையும்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா ஆசியோடு எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கப் போவதில்லை; உன் திரையில்தான் எல்லாம் தெரிகிறதே!

நான் பதிவு மேசையில் உட்காரும் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளைத் திரை கூசுகிறதென்று, கண் டாக்டர் சொன்னபடி கணினியில் ஹை கான்ட்ராஸ்ட் போட்டுக்கொண்டேன். திரை கன்னங்கரேல், எழுத்து பளீர் வெள்ளை. ஆஹா, பட்டியலைக் கடகடவென்று படித்தேன். ஆனால் யார் எதற்கு வந்தார்கள் என்று பதிய அழுத்துவதற்காக நீ வரைந்த படங்களைக் காணோம்! ஊசி, கத்தரி, குளியல் தொட்டி, எல்லாம் கறுப்பு. கறுப்பு மேலே கறுப்பு எப்படியடா தெரியும்? விடுவேனா, நர்ஸைக் கேட்டு, ஒவ்வொரு படமும் இருக்கிற இடத்தில் திரைமேலேயே ஒரு சட்டைப் பட்டனை ஒட்டிவிட்டேன். பச்சை நகம், மஞ்சள் ஆபரேஷன். இரண்டு நாள் ராஜ்ஜியம்தான் போ! மூன்றாம் நாள் பக்கம் லேசாக மேலே நகர்ந்திருக்கிறது, பட்டன் ஒட்டின இடத்திலேயே நிற்கிறது, எனக்கெங்கே தெரியும்? நகம் வெட்ட வந்த ஆண் பூனையை ஆபரேஷன் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

"நகத்தை வெட்டச் சொன்னா வம்சத்தையே வெட்டப் பாக்குறீங்களேம்மா!" என்று பூனைக்காரர் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த நாய்களெல்லாம் வாயை மூடிக்கொண்டன. நல்லவேளை, கத்தி படவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நீங்க கூண்டு கழுவுற பக்கம் போயிடுங்கம்மா" என்றார். இருபத்திரண்டு வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி தம்பி! அழுகையே வந்துவிட்டது.

அதனால் உடனே சரி பண்ணு. எழுத்து எந்த நிறமோ படமும் அதே நிறத்துக்கு மாறட்டும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயரை எழுது. "அழகு கெட்டுடும்க்கா" என்பாய். படமே தெரியலையாம், அழகு கெட்டால் யாருக்கு என்ன?

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கண்ணும் கையும் நன்றாக இருந்து நூறாண்டு வாழ்க.

கோபத்துடனும் பாசத்துடனும்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஒரு கூத்து. "அப்படியென்ன தெரியல, நான் பாக்குறேன்" என்று டாக்டரே என் கணினியில் உட்கார்ந்தார். ஐந்தே நிமிஷம். கண்ணுக்குத் தெரியாத எதையோ அழுத்தி, இந்த வாரத்துப் பதிவு மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டார்! "நீங்க உங்க சீட்லயே இருங்கம்மா. இதைச் செஞ்சவரை வரச் சொல்லுங்க" என்றார். நாற்காலி தப்பியது. உனக்கு வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் பதிந்துவிட்டேன். எந்தப் படத்தை அழுத்தினேன் என்று மட்டும் கேட்காதே.