குவாங்சோவில் வந்த தண்ணி லாரி

தண்ணி லாரி ஹாரன் கேட்டால் எனக்குக் கால் நிற்காது. வியாதி என்றால் வியாதி, திறமை என்றால் திறமை. நான் வளர்ந்தது அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில். எங்கள் தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்பார்கள். (எட்டு என்பது சும்மா பேச்சுக்கு. பதினைந்தும் ஆகும்.) மற்ற நாட்களில் லாரிதான். லாரி மெயின் ரோட்டில் திரும்பும்போதே, அது மணல் லாரியா, தண்ணி லாரியா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். எதிர்வீட்டு மாரியம்மா அக்கா வாசலைத் தாண்டுவதற்குள் நான் போய் வரிசையில் முதல் இடத்தைப் போட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் காலத்திலும் வாங்காத முதல் இடம் அது.

இந்தத் திறமையை நான் ஒருமுறை வெளிநாட்டிலும் காட்டிவிட்டு வந்தேன்.

அப்போது பதினோராம் வகுப்பு. எங்கள் பள்ளித் தாளாளரின் மைத்துனர், சீனாவின் குவாங்சோ நகரத்திலிருந்து விசைத்தறி உதிரிபாகங்கள் இறக்குமதி செய்கிறவர். அவர் செய்த ஏற்பாட்டில், எங்கள் பள்ளியிலிருந்து எட்டுப் பேர் அங்கே போய், அங்குள்ள மாணவர்களின் வீடுகளில் பத்து நாள் தங்கிப் படிப்பது என்று முடிவானது. அடுத்த வருடம் அவர்கள் இங்கே வருவார்கள். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் அறிவு காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே நடக்கும் விழாவில் சீன மொழியில் நன்றி சொல்ல, மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

அப்பா திருச்சுழி ரூட்டில் மினி பஸ் டிரைவர். அந்த மாதம் முழுக்க அந்த பஸ்ஸில் ஏறியவர்களுக்கு கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார், அப்பா "எம்பொண்ணு சீனா போறா" என்ற செய்தியைக் கொடுத்தார். நான் வீட்டுக்குள் நடந்தபடி சீன மொழியில் நாலு வரியை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஏட்டி, யாரையாவது வையிறியா?" என்று அம்மா அடிக்கடி கேட்டாள்.

விழாவுக்குப் பட்டுச்சேலை கட்ட வேண்டும் என்று உத்தரவு. எங்கள் வீட்டில் பட்டு என்று இருந்தது அம்மாவின் ஒரே சேலை. அதன் முந்தானையை எலி தின்றிருந்தது. அப்போதுதான் எங்களைக் கூட்டிப்போக இருந்த வசந்தா டீச்சர் தன் சேலையை எடுத்து வந்தார். சந்தன நிற உடம்பு, அரக்கு பார்டர்.

"ஏ செல்வி, இங்க பாரு. இது எங்கய்யா எடுத்துக் குடுத்த முகூர்த்தப் பட்டு. அவுக போயி ஆறு வருசமாச்சு. கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் கட்டுனேன். அதுக்கப்பறம் பீரோவ விட்டு வெளிய எடுக்கல. மனசு கேக்காமத்தான் ஒனக்குத் தாரேன். ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டுச்சுன்னா அரக்குச் சாயம் எறங்கிரும். புரியுதா?"

புரிந்தது. உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுகிறேன் என்று சொன்னேன். (பதினாறு வயதில் உயிரை எதற்கெடுத்தாலும் கொடுத்துவிடலாம்.)

குவாங்சோவில் நான் தங்கிய வீடு லின் என்ற பெண்ணுடையது. என் வயதுதான். இரண்டாவது மாடியில் சின்ன வீடு, அப்பா, அம்மா, லின். அந்த வீட்டில் என்னை அசரடித்தது லிஃப்ட்டும் இல்லை, தரைக்கு அடியில் ஓடும் ரயிலும் இல்லை, குழாய்தான். எப்போது திறந்தாலும் தண்ணீர்! முதல் நாள் சோதித்துப் பார்க்கவே ஏழெட்டு முறை திறந்து மூடினேன். ஆனாலும் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் குளியலறையில் இருந்த நீல பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன். தினமும் காலையில் லின்னின் அம்மா அதைக் கீழே கொட்டிவிட்டு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு வயிறு எரியும். விருந்தாளியாகப் போன இடத்தில் என்ன சொல்வது?

ஐந்தாம் நாள் விழா. ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். அதிகாலையிலேயே எழுந்து, குளித்து, பதினேழு ஊக்கு குத்தி, சேலையைக் கட்டி முடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைக் கும்பிடத் தோன்றியது. காலை உணவுக்குக் கஞ்சி வைத்தார்கள். மடியில் இரண்டு துண்டு விரித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிச் சாப்பிட்டேன். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

கை கழுவலாம் என்று குழாயைத் திறந்தேன். 'புஸ்ஸ்' என்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். காற்றுதான் வருகிறது, தண்ணீர் போய்விட்டது. தொட்டியைக் கழுவுவதற்காக ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்துகிறோம் என்று லிஃப்ட்டில் சீன மொழியில் எழுதி ஒட்டியிருந்தார்களாம். எனக்கு எங்கே தெரியும்? பக்கெட்டைப் பார்த்தேன். வழக்கம்போலக் கவிழ்ந்து கிடந்தது. 'பார்த்தியா, நான் பிடித்து வைத்ததைக் கொட்டினாயே' என்று லின்னின் அம்மாவை மனதுக்குள் ஒரு பிடி பிடித்தேன். லின் சாவகாசமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டில் தண்ணீர் இல்லை, இவளுக்குத் தலை வாரத் தோன்றுகிறதே என்று இருந்தது எனக்கு.

அந்த நேரத்தில்தான் கீழே ரோட்டில் ஒரு சத்தம். பொம்மைக்குள்ளிருந்து வருகிற மாதிரி 'டிங் டிங்' என்று ஒரு பாட்டு. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தூரத்தில், நீளமான உருளைத் தொட்டியைச் சுமந்துகொண்டு ஒரு லாரி மெதுவாக வந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

தண்ணி லாரி!

நம்மூரில் காது கிழிய ஹாரன் அடிப்பான், இங்கே பாட்டுப் போட்டு மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், வளர்ந்த நாடு என்றால் சும்மாவா என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைப்பதற்கு மூளை அங்கே இல்லை. அது காலுக்கு இறங்கிவிட்டது. நீல பக்கெட் ஒரு கையில், அடுப்படியில் இருந்த பெரிய சூப்புப் பாத்திரம் இடுப்பில். லின் சீப்பைப் போட்டுவிட்டு "நோ! நோ!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். விருந்தாளியைத் தண்ணி எடுக்க விடுவதா என்று கூச்சப்படுகிறாள் போல, நல்ல பிள்ளை. "பரவால்ல லின், நான் பாத்துக்கிறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

ரோட்டோரம் போனால் எனக்கு ஆச்சரியம். கூட்டமே இல்லை. நின்றவர்களும் லாரியைப் பார்த்ததும் பின்னால் போய், கடை வாசல்களில் ஒதுங்கி நின்றார்கள். என்ன ஒழுக்கம்! ஒரு தள்ளுமுள்ளு இல்லை, ஒரு குடுமிப்பிடி இல்லை. ஸ்கூட்டரில் போன ஒருவர் இரண்டு காலையும் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பக்கெட்டை ரோட்டின் விளிம்பில் வைத்து இடம் போட்டேன். பாத்திரத்தை அதற்குப் பின்னால் வைத்தேன். சீனாவிலும் நான்தான் முதல்.

லாரி பக்கத்தில் வந்தது. கையைக் காட்டினேன். நிற்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், கையை வீசி வீசி என்னவோ சொன்னார். எங்கள் ஊர் டிரைவரும் இப்படித்தான், நிற்காமல் போகிற மாதிரி பாவலா காட்டுவார். இவர்களை விடவே கூடாது. நான் ஓர் அடி முன்னால் வைத்து, எங்கள் தெரு முழுக்கக் கேட்கும் குரலில், "அண்ணே, நிப்பாட்டுங்கண்ணே!" என்று கத்தினேன்.

அது ரோடு கழுவுகிற லாரி.

அதன் முன்பக்கக் குழாய்களிலிருந்து பக்கவாட்டில் பீய்ச்சி அடித்த தண்ணீர் என்னை இடுப்பிலிருந்து பாதம் வரை அடித்தது. திரும்பினேன், பின்பக்கமும் அடித்தது. பக்கெட் உருண்டது. லாரி அதே 'டிங் டிங்' பாட்டோடு போய்விட்டது. கடை வாசலில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். அரக்கு பார்டரிலிருந்து சிவப்பாக வழிந்து, சந்தனத்தில் பரவிக்கொண்டிருந்தது.

(ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சூப்புப் பாத்திரத்தில் நாலு விரல் அளவுக்குத் தண்ணீர் விழுந்திருந்தது. அந்த நிலையிலும் அதைக் கீழே ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டே சிந்தாமல் மாடிக்குத் தூக்கிப் போனேன். போனால், குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.)

லின்னும் அவள் அம்மாவும் தலைமுடி காய வைக்கும் மிஷினை எடுத்து வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சாயம் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மணி எட்டரை. கடைசியில் லின் தன்னுடைய பள்ளிச் சீருடையை நீட்டினாள். நீலமும் வெள்ளையுமாக, தொளதொளவென்று, ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி சட்டையும் பேண்ட்டும். போட்டுக்கொண்டேன். தலையில் மட்டும் மல்லிகைப்பூ இருந்தது.

விழா மேடையில் வசந்தா டீச்சர் அந்தப் பள்ளி முதல்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சீருடையில் ஏறியதும் அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. நாலு வரியையும் தொண்டை கிழியச் சொன்னேன். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். முதல்வரின் கண்கள் கலங்கிவிட்டன. "எங்கள் சீருடையை அணிந்து வந்து நீயும் எங்கள் பிள்ளைதான் என்று காட்டிவிட்டாய்" என்று அவர் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். உடனே போட்டோ. முதல்வர் ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம், நடுவில் நான்.

டீச்சர் பல் தெரியச் சிரித்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்: "எங்கடி சேல?"

நானும் சிரித்தபடி சொன்னேன்: "நனைஞ்சிருச்சு டீச்சர்."

"மழையே இல்லையேடி."

"லாரி டீச்சர்."

"என்ன லாரி?"

"தண்ணி லாரி. கொழாயில தண்ணி நின்னுபோச்சு... பக்கெட்ட எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்."

கேமரா இரண்டு முறை மின்னியது. டீச்சர் திருச்சுழிக்காரர். அவர் வீட்டிலும் குடங்கள் வரிசையில்தான் நின்றிருக்கின்றன. கோபம் உச்சிக்கு ஏறிய அந்த நேரத்திலும் அவர் வாயிலிருந்து அவரை அறியாமல் வந்த கேள்வி: "எத்தன கொடம் கெடச்சுச்சு?"

"நாலு விரக்கடை டீச்சர்."

சாயங்காலம் அவர் தங்கியிருந்த இடத்தில் சேலையைக் கொடுத்தேன். பிரித்தார். முழங்காலுக்குக் கீழே முழுக்க பீட்ரூட் பொரியலைக் கொட்டிய மாதிரி இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையால் ஒருமுறை தடவினார். "இந்தக் கலருக்காக எங்கய்யா ஜவுளிக் கடையில ஒரு பொழுது பூரா நின்னாரு" என்றார். அவ்வளவுதான். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். லின்னின் அம்மா அதை ஒரு சலவைக்கடைக்குக் கொண்டுபோனார். சிவப்பு ரோஸாகத் திரும்பி வந்தது, போகவில்லை. ஊர் திரும்பும்போது விமானத்தில் டீச்சர் சேலைப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தொறந்தா தண்ணி கொட்டுற ஊருக்குப் போயி லாரித் தண்ணிக்கு ஓடுனவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாண்டி!" பழம் வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் போனாள். டீச்சர் காபி கொடுத்தார். "விடுங்கக்கா, சின்னப் புள்ள" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகம் எனக்குள் பல வருடம் இருந்தது.

ஒன்பது வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பந்தல்குடியில் மண்டபம். பத்திரிகை கொடுக்கப் போனபோது டீச்சர் "பாப்போம்" என்று மட்டும் சொன்னார். வரமாட்டார் என்றே நினைத்தேன். முகூர்த்த நேரத்தில் வந்தார். மணவறையிலிருந்து பார்த்தேன். கட்டியிருந்தது அதே சேலை. சந்தனம், அரக்கு, முழங்காலுக்குக் கீழே ரோஸ் மேகம். மேடைக்கு வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"என்ன பாக்குற? எங்கய்யா சேலைய அழுக்காகிரும், நனைஞ்சிரும்னு பூட்டியே வச்சிருந்தேன். நீ நனைச்சிட்ட. இனி என்ன ஆகப்போகுது? ரொம்ப நாளு கோவம் இருந்துச்சு செல்வி, இல்லைங்கல. இப்ப எல்லா விசேஷத்துக்கும் இதத்தான் கட்டுறேன். கேக்குறவுகட்ட சீனா டிசைனுன்னு சொல்லிருவேன்."

சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஐயர் தாலித் தட்டைச் சுற்றிவிட்டு மாப்பிள்ளையிடம் நீட்டுகிறார். அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஹாரன். சமையலுக்குத் தண்ணீர் போதாமல் லாரிக்குச் சொல்லியிருக்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்திருக்க நினைக்கவில்லை. இடுப்பு தானாக ஒரு சாண் தூக்கியது.

"ஏ செல்வி, உக்காருடி!"

முன்வரிசையிலிருந்து டீச்சர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றது. கதை தெரிந்த பாளையம்பட்டிக்காரர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தெரியாத மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மா அங்கேயே விளக்கினாள். என் கணவர் கையில் தாலியை வைத்துக்கொண்டு கதை முடியும்வரை காத்திருந்தார்.

இப்போது என் மகளுக்கு நாலு வயது. அவளுக்குச் சீனாவும் தெரியாது, பட்டும் தெரியாது. ஆனால் தெருவில் லாரி ஹாரன் கேட்டால் போதும், விளையாடுவதை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்று, அவள் அப்பா சொல்லிக்கொடுத்தபடி விரலை நீட்டி, "அம்மா, உக்காருடி!" என்கிறாள்.

நான் உட்காருவதில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் தெருவில் என் குடம்தான் முதலில் நிற்கிறது.