கெலமங்கலத்தில் முளைத்த நரம்பு

கெலமங்கலம் கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் நரம்பு முளைத்தது. முளைக்க வைத்தவர் கங்கப்ப சுவாமிகள். கால் மரத்தவர், கை விளங்காதவர் என்று ஓசூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து குவிந்தார்கள். பழைய சாமியார்கள் திருநீறு கொடுத்தார்கள். இவர் புரதம் கொடுத்தார். காலம் மாறுகிறதல்லவா?

முன்வரிசையில் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரன், ஓசூர் கம்பெனியில் தரப் பரிசோதகன். முடியளவு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிற ஆள். தகடு கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுந்ததும் அந்தக் கறாரையும் சேர்த்து எறிந்துவிட்டான்.

நரம்பைத் தைத்த டாக்டர் பிரவீனா தெளிவாகத்தான் சொன்னார்: "வளர வேண்டிய புரதத்தை நரம்பு செல்லே செஞ்சு நுனிக்கு அனுப்பும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளந்தாலே பெரிசு. விரலுக்குப் பயிற்சி குடுங்க, இல்லேன்னா விறைச்சுப்போயிடும்."

பொறுமை இலவசமாகக் கிடைத்ததால் அவனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சுவாமிகளோ அதே புரதத்தைப் புட்டியில் அடைத்து விற்றார். பயிற்சி செய்தால் முளை ஒடிந்துவிடும் என்றார். சுடலைமுத்து விரலை அசைக்கவே இல்லை. விரல் விறைத்தது. "புரதம் பிடிக்குதுல்லா!" என்று பூரித்தான்.

புட்டிக்குக் காசு கரைவதைப் பார்த்து வயிறு எரிந்த மனைவி ரஞ்சிதா அந்த ஞாயிறு கூடவே வந்தாள்.

கையைக் காவித்துணிக்குள் வைக்கச் சொல்லிச் சுவாமிகள் கண்ணை மூடினார். ரஞ்சிதா கணவனின் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை நுழைத்தாள்.

துணிக்கு மேலே சுவாமிகள் உள்ளங்கையை ஆட்டினார். "ரெண்டு நரம்பு செத்திருந்துச்சு. ஒண்ணு முளைச்சிருச்சு. மத்ததுக்கு இன்னும் புட்டி வேணும்."

"நல்லாப் பாருங்க சாமி."

"நான் பாக்கறதில்லம்மா. புரதம் பேசுது!"

ரஞ்சிதா துணியை உருவினாள். வளையல் குலுங்கியது. "இந்தக் கையாலதான் காலைல ராகிக் களி கிண்டினேன். எந்த நரம்பு சாமி செத்துச்சு?"

சுவாமிகள் காவித்துணியை அவசரமாக மடித்தார். "புருசன் பொண்டாட்டிக்கு நரம்பு ஒண்ணுதாம்மா..."

கால் மரத்துப்போய் வந்திருந்த மங்கம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "எங்க ஊட்டுக்காரரு செத்து எத்தனையோ வருசமாச்சு. நான் எப்பிடிடா உசுரோட இருக்கேன்?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சுவாமிகள் சமையற்கட்டு வழியாக ஓடினார். புரதம் நிஜமாகவே அவர் காலில் வேலை செய்தது.

பஸ்ஸில் சுடலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கினான். "வலிக்குதாங்க?" என்றாள் ரஞ்சிதா.

"வலிக்கட்டும். நரம்புக்கு இருக்க புத்திகூட எனக்கு இல்லாமப் போச்சே!"

உண்மைதான். அறுந்த நரம்பு நாம் தூங்கும்போதும் வளரும். மூளை அப்படியில்லை ஐயா. விழித்திருந்து நாமே வேலை வாங்கினால்தான் உண்டு.