ரசனை மாறாதோர் மட்டும் உள்ளே வரலாம்

பொதுமக்களின் ரசனை அடிக்கடி மாறுவதால் ஏற்படும் நிர்வாகச் சிரமங்களைக் கருத்தில் கொண்டு, ஒரு பழைய ராக் இசைக்குழுவின் கடைசிக் கச்சேரிக்கு உண்மையான ரசிகர்களை மட்டுமே அனுமதிப்பது என்று நகராட்சி முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான். அந்தக் கிழட்டுக் குழுவின் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு திரிவது திடீரென்று ஊரில் நாகரிகமாகிவிட்டிருந்தது. மாட்டியவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ பெயிண்ட் கம்பெனி விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அரங்கத்தின் முன்கூடத்தில் ரசனைச் சரிபார்ப்புப் பிரிவு உதயமாயிற்று. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அந்த விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்ட ஓர் அலுவலர். பிரிவு என்றால் அவ்வளவுதான்.

மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தும் ஓர் அம்மாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் வாசிப்பதை ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும். இன்றைக்கு விட்டால் இனிமேல் கிடையாது.

"இவங்களை எப்போலேர்ந்து பிடிக்கும்?" என்றார் அலுவலர்.

"ஸ்கூல்ல படிக்கும்போதே, சார்."

"ஏன் பிடிச்சுது?"

"எங்கப்பாவுக்குப் பிடிக்கல. அதனால."

அலுவலர் முகம் மலர்ந்தது. "உறுதியான அடிப்படை. அப்புறம்?"

"கல்யாணமான புதுசுல பிடிக்காமப் போச்சு. பாடுறவர் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு, மைக்கைக் கட்டிப் பிடிச்சு அழ ஆரம்பிச்சார். அழறதுக்கு வீட்டுலயே கைக்குழந்தை இருந்துச்சு. கேசட்டையெல்லாம் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்."

அலுவலரின் முகம் வாடியது. பின்னால் நின்ற கணவர், "எதுக்குடி இதெல்லாம்? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று முணுமுணுத்தார்.

வாயைத் திறந்தால் பாதியில் மூடும் வழக்கம் அவளுக்கு இல்லை. "அப்புறம் ஒருநாள் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். ரேடியோவுல அதே அழுமூஞ்சிப் பாட்டு. குழாய்ச் சத்தத்துல அவர் அழுறது கேக்கல. அடியில தும் தும்னு பேஸ் கிட்டார் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. அப்பதான் உறைச்சுது. இத்தனை வருஷமா ஒரு மனுஷன் பின்னால நின்னு மொத்தக் கும்பலையும் தூக்கிச் சுமந்திருக்கார். அவர் கையை எடுத்தா மத்தவங்க மண்ணைக் கவ்வணும். எந்த வீட்டுலயும் அப்படி ஒரு ஆள் உண்டு, சார். யாரும் திரும்பிப் பாக்கறதில்ல."

"அம்மா, நீங்க ஒருத்தர் இல்ல. மூணு பேர். பிடிச்சவங்க ஒருத்தர், பிடிக்காதவங்க ஒருத்தர், வேற எதையோ பிடிச்சவங்க ஒருத்தர். டிக்கெட் ஒண்ணுதானே இருக்கு?"

"மூணும் நான்தான், சார்!"

"அதை மத்த ரெண்டு பேரும் நேர்ல வந்து சொல்லணும். அதுவரைக்கும் அந்தப் பெஞ்சுல உட்காருங்க. அடுத்து!"

அடுத்து கணவர். "எனக்கு இந்த இரைச்சலைக் கேட்டாலே ஆகாது. அன்னைக்கும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல, சாகற வரைக்கும் பிடிக்காது."

அலுவலர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். "இந்த மாதிரி ஒரு நிலையான மனுஷரைத்தான் காலையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்." மணிக்கட்டில் முத்திரை விழுந்தது. கணவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெரியவர், மடியில் கிட்டாரும் காலடியில் சின்ன ஸ்பீக்கருமாக உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரேதான்!

"நீங்க ஏன் சார் இங்க?"

"விதி எல்லாருக்கும் பொதுவாம். பழைய பாட்டை வாசிக்க அலுப்பா இருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பாடுறவர் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். டிரம் அடிக்கிறவர் சமாதானம் பண்ணப் போயிருக்கார்."

"அப்போ கச்சேரி?"

"பழைய ரெக்கார்டு ஓடுது. அது ஒண்ணுதான் மாறலையாம்."

உள்ளே காலி மேடையைப் பார்த்துக் கூட்டம் உற்சாகமாக விசிலடித்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்காக ஒரு தடவை வாசிக்கிறீங்களா, சார்?" என்றாள்.

அவர் ஸ்பீக்கரில் வயரைச் செருகி, அந்த அழுமூஞ்சிப் பாட்டையே வாசித்தார். முன்பைவிட மெதுவாக, அங்கங்கே யோசித்து நின்று, ஒரு சுரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு வாசித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சும்மா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, சார்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா... கேசட்டுல இருந்த மாதிரி இல்ல."

அலுவலர் துள்ளிக் குதித்து ஓடிவந்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா உங்களை உட்கார வெச்சிருப்பேனா, அம்மா!" என்று முத்திரையை அழுத்திக் குத்தினார்.

பெரியவர் வயரைப் பிடுங்கியபடி சற்று யோசித்தார். "உள்ளதைச் சொல்லணும்னா எனக்கும் அப்படித்தான் படுது."

அவருக்கும் ஒரு முத்திரை கிடைத்தது. பார்வையாளர் பகுதிக்கு மட்டும்.

இருவருக்கும் நடுவரிசையில் இடம் கிடைத்தது. பெரியவர் உட்காரப் போகும்போது பின்னாலிருந்து ஒரு ரசிகர் காலி மேடையைக் காட்டிச் சீறினார்.

"யோவ், தலையை இறக்குய்யா! பேஸ் கிட்டார்காரரை மறைக்குது!"

அவர் இறக்கிக்கொண்டார்.