ஐந்து மணித் தண்ணீர்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தையும், இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் நலத்தையும் விரும்புகிறேன். அந்த வீட்டின் பேரில் குடியிருப்போர் சங்கத்தில் உங்களுக்கு ஓர் ஓட்டு இருக்கிறது. அதை எனக்குப் போட்டு உடனே தபாலில் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேர்தல், என் தலைவர் பதவி ஆட்டம் கண்டிருக்கிறது.

விடியலில் எழுபவனே ஒழுக்கமானவன் என்பது என் கொள்கை. அதை நான் யார்மீதும் திணிக்கவில்லை. மொட்டைமாடித் தொட்டியின் வால்வை ஐந்து மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டினேன், அவ்வளவுதான். எழுவதும் எழாததும் அவரவர் சுதந்திரம். கட்டடமே ஐந்து மணிக்கு எழுந்து, வாளிகளை நிரப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஆகவே வீட்டுக்கு இரண்டு வாளிதான் என்றேன். மூன்றாம் மாடி நர்ஸம்மா, இரவுப் பணி முடித்து எட்டு மணிக்கு வருகிறவர், சோப்பும் துண்டுமாக என் வாசலில் நின்று, "சார், நீங்க அஞ்சு மணிக்கு எழுந்திருங்க, நான் தடுக்கல. நான் எட்டு மணிக்குக் குளிச்சா உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார். சமூகம் கெட்டுப்போகும் என்று விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் உங்கள் தங்கை எங்கள் வாளியைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டாள். அன்று நான் குளிக்கவில்லை. நர்ஸம்மா தேர்தலில் நிற்கிறார்.

அதையாவது சமாளிச்சிருப்பேன். முதல் மாடி பேக்கரிக்காரர் இருக்காரே, அவர் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சார், உங்க கொள்கை தங்கமான கொள்கை. ஆனா அஞ்சு மணிங்கறது சோம்பேறிங்க எழுந்திரிக்கிற நேரம். நான் தலைவரா வந்தா மூணு மணி"ன்னார். விளையாடறார்னு நினைச்சேன். சாயங்காலமே மாடிப்படியில நோட்டீஸ் ஒட்டிட்டார். என் ஆளுங்க பாதிப் பேர் அவர் பக்கம் போயாச்சு. அஞ்சு நல்லதுன்னா மூணு இன்னும் நல்லதுதானேங்கறாங்க. ஒருத்தர் தன்னோட ஒழுக்கத்தை அடுத்தவங்க தலையில கட்டறது எவ்வளவு பெரிய அராஜகம்னு நீங்களே சொல்லுங்க.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஞாயிறு வரை தலைவர்

பி.கு.: உறையில் போடும் முன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஓட்டுப் பிரிந்தால் பேக்கரிக்காரர் வந்துவிடுவார். உங்கள் ஓட்டை நர்ஸம்மாவுக்கே போட்டு அனுப்புங்கள். நானும் அவருக்குத்தான் போடப்போகிறேன். உங்கள் தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டாம். நர்ஸம்மாவுக்காக எல்லா வீட்டுக் கதவையும் தட்டியவள், என்னிடம் மட்டும் இன்னும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்கட்டும்.