தெம்பனிஸ் தண்ணீரும் குமரன் தலையும்

"அம்மா! இங்க வந்து பாருங்க. இன்னிக்கும் கொட்டியிருக்கு!"

சிங்கப்பூரின் தெம்பனிஸில், அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த குமரன், தண்ணீர் வடியும் சல்லடையிலிருந்து ஒரு கொத்து முடியை எடுத்துக் காட்டினான். குட்டை முடி, கறுகறுவென்று இருந்தது. அம்மா தங்கத்தின் முடி நீளம், பாதி நரை. அப்பா அண்ணாதுரையின் தலையிலிருந்து முடி விடைபெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது குமரன் ஒருவன்தான்.

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"கொஞ்சம் கொட்டத்தான்டா செய்யும்" என்றாள் தங்கம்.

"இது கொஞ்சமா? மாலை மாத்தும்போது தாரணி நிமிர்ந்து பாத்தா, அப்பா தலை மாதிரி ஒண்ணு எதிர்ல நிக்கும்!"

ஹாலில் நாளிதழுக்குப் பின்னால் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

"தண்ணியா இருக்கும்டா" என்றார் அண்ணாதுரை. "உப்புத்தண்ணியில குளிச்சா முடி கொட்டும்னு இந்தியாவுல நம்ம சொந்தக்காரங்க சொல்வாங்கல்ல? நம்ம புளோக்குத் தண்ணியும் அப்படி ஆயிடுச்சோ என்னமோ."

குமரனுக்கு அது பளிச்சென்று பிடித்துக்கொண்டது. அன்றே தண்ணீரைச் சோதிக்கும் தாள்களை ஆன்லைனில் வரவழைத்தான். தாளை முக்கினால் அதன் நிறம், தண்ணீர் கடினமா மென்மையா என்று சொல்லிவிடும்.

குழாய்த் தண்ணீரில் முக்கினான். மென்மையான நீர் என்றது தாள்.

"தாள் பழசு போல" என்று குமரன் முடிவு செய்தான்.

அடுத்து ஷவருக்கு ஒரு ஃபில்டர் வந்தது. சின்னத் தேங்காய் அளவு இருந்த அதை மாட்டியதும், கொட்டிக்கொண்டிருந்த ஷவர் சொட்ட ஆரம்பித்தது. ஷாம்பு நுரையை அலசி முடிப்பதற்குள் ஆபீஸ் மீட்டிங் ஆரம்பித்துவிட்டது. பாதி நுரையோடு கேமரா முன் உட்கார்ந்தவனைப் பார்த்து, "குமரன், உங்க வீட்ல ஸ்னோவா?" என்றார் மேனேஜர். சல்லடையில் மறுநாளும் முடி.

"குழாய்த் தண்ணியே வேணாம்" என்று மினரல் வாட்டர் பாட்டில்களைச் சுமந்து வந்தான். தலைக்கு அதைத்தான் ஊற்றினான். காய்ந்ததும் முடி தேங்காய் நாராக நின்றது. சந்தேகம் வந்து அந்தத் தண்ணீரில் ஒரு தாளை முக்கினான். இருப்பதிலேயே அடர்த்தியான நிறத்துக்குப் போய் நின்றது தாள்.

"பாட்டில்லயே எழுதியிருக்கேடா, மினரல் நிறைய இருக்குன்னு" என்றாள் தங்கம். "குழாய்ல வர்ற நல்ல தண்ணியை விட்டுட்டு, உப்பைத் தேடிப் போய் தலையில ஊத்தியிருக்க."

கடைசியில் துண்டும் சோப்பும் பையில் போட்டுக்கொண்டு, தஞ்சோங் பகாரில் இருக்கும் அக்கா கவிப்ரியா வீட்டுக்குக் காலையிலேயே எம்ஆர்டி ரயில் ஏறினான்.

"டேய், சிங்கப்பூர் பூரா தண்ணி நல்ல தண்ணிதான்லா!" என்றாள் கவிப்ரியா.

"கல்யாணம் வரைக்கும் இங்கயே தங்கிக்கிறேன்க்கா. ப்ளீஸ்."

தம்பி உள்ளே போனால் வெளியே வரமாட்டான். குளியலறை வாசலில் துண்டோடு காத்திருந்த அவள் கணவர், தினமும் ஆபீஸுக்குத் தாமதமாகப் போனார். ஒரு வாரம் பொறுத்தவர், பிறகு இவனுக்கு முன்னாலேயே எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் குளிக்காமலேயே தெம்பனிஸுக்குத் திரும்பிய குமரன், சொந்த வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்ததும் அலறினான்.

"அப்பா! ஒரு வாரமா நான் இங்க குளிக்கவே இல்ல. இப்பவும் முடி கிடக்கு!"

அண்ணாதுரை நாளிதழின் பக்கத்தைப் படபடவென்று திருப்பினார். "அது... பைப்புக்குள்ள தங்கியிருந்த பழைய முடிடா. இப்பத்தான் மேல வருது."

குமரன் உடைந்துபோனான். பைப்புக்குள் தங்கும் அளவுக்கு என்றால் எவ்வளவு கொட்டியிருக்க வேண்டும்! தானாக உதிர்ந்து அசிங்கப்படுவதைவிட, மானத்தோடு நாமே முடித்துக்கொள்வோம் என்று சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரு சலூனுக்குள் நுழைந்தான்.

"மொட்டையா?" முடிதிருத்துபவர் அவன் தலையைக் கோதிப் பார்த்தார். "நல்லா காடு மாதிரி இருக்கே தம்பி. ஏதாவது வேண்டுதலா?"

"மேல பாத்தா அப்படித்தான்ணே தெரியும். உள்ளுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. எடுங்க."

வீட்டுக் கதவைத் திறந்த தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாதுரையின் கையிலிருந்த நாளிதழ் தரையில் விழுந்தது.

"ஏண்டா... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார்.

சாயங்காலம் தாரணி வருவதாக இருந்தது. குமரன் தொப்பி போட்டுக்கொண்டு சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயத்தில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

வந்தவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி?"

"தாரணி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எங்க வீட்டுத் தண்ணி..."

அவள் எட்டித் தொப்பியைக் கழற்றினாள். சுற்றி வந்து பின்னாலும் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

"சூப்பரா இருக்குலா! உங்க தலைக்கு இவ்வளவு நல்ல ஷேப் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதே. தினமும் சீப்பும் ஜெல்லுமா ஏன் இத்தனை நாள் மறைச்சு வெச்சீங்க?"

"நிஜமாவா? கல்யாணத்துக்கு இப்படியே..."

"இப்படியே வாங்க. நான் முடியையா கட்டிக்கப் போறேன்?"

குமரனுக்கு உயிர் திரும்பி வந்தது. பல நாளுக்குப் பிறகு குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்தான். இனிப்பாகத்தான் இருந்தது. தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடக் கிளம்பினாள்.

அப்போது அழைப்புமணி அடித்தது.

"நான் பாக்கறேன், நான் பாக்கறேன்!" என்று அண்ணாதுரை இதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் எழுந்தார். அதற்குள் தங்கம் கதவைத் திறந்துவிட்டாள். வட்டமான அட்டைப் பெட்டி ஒன்றோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். தங்கத்தின் தோளுக்கு மேலாக அண்ணாதுரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சார், ஒவ்வொரு தடவை அலசும்போதும் கொத்துக் கொத்தா கொட்டுதுன்னு சொன்னீங்களே, அந்த விக்குக்குப் பதிலா வேற கொண்டு வந்திருக்கேன், உங்க மகன் கல்யாணத்துக்கு நீங்க ஜம்முன்னு நிக்கலாம்!"